பயத்தில் நின்ற பால்

"பயந்ததாலை பால் வத்திப்போச்சு, மிஸ்ஸி."

தீவுப்பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில் இந்த வசனத்தை நான் கேட்காத ஊர் இல்லை. வேலணையில் கேட்டிருக்கிறேன். ஊர்காவற்றுறையில் கேட்டிருக்கிறேன். கடல் கடந்து போய் நெடுந்தீவிலும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் சிலர் அப்போதுதான் பிள்ளை பெற்றவர்கள். இன்னும் சிலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். பேரப்பிள்ளை கண்ட பிறகும் ஒரு பெண் இதைச் சொல்கிறாள் என்றால், இத்தனை வருடமும் அவள் தன்னைத்தானே கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறாள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அப்படிப்பட்ட சகோதரிகளை நினைத்தே ஒட்சிற்றோசின் என்ற ஓமோனைப் பற்றி எழுத விரும்பினேன். பெயர் வாய்க்குள் நுழையச் சற்றுச் சிரமப்படும். ஆனால் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களின் உடம்புக்கும் அது பழக்கமானது.

தாய்ப்பாலுக்கு இரண்டு ஓமோன்கள் வேண்டும். பாலைச் சுரக்கச் செய்வது புரோலக்ரின். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஒட்சிற்றோசின். பிள்ளை முலையைச் சப்பியதும் அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து ஒட்சிற்றோசின் இரத்தத்தில் கலக்கிறது. பாற்பைகளைச் சுற்றியிருக்கும் நுண்ணிய தசைகள் சுருங்க, பால் இறங்குகிறது. சில தாய்மாருக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே போதும், சட்டை நனைந்துவிடும். மாறாக, பயம், வலி, வெட்கம், அந்நியர் பார்வை என்பவை வந்தால் இந்த ஓமோன் வெளியே வராமல் நின்றுவிடும். மாடு வளர்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புது ஆள் கறக்கப் போனால் பசு பால் விடாது.

1948 இல் அமெரிக்காவில் மைக்கல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதியர் இதை ஒரு தாயிடம் அளந்து பார்த்தார்கள். தொந்தரவு இல்லாத நாட்களில் பிள்ளை ஒரு தடவையில் சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. வேறு நாட்களில் தாயின் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால்விரலை இழுத்து நோகச் செய்தார்கள், கணக்குக் கேட்டு உடனே சரியான விடை சொல்லாவிட்டால் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைக்குக் கிடைத்தது 99 கிராம். அதே தொந்தரவுகளுடன் ஓமோனை ஊசியாக ஏற்றியபோது 153 கிராம் கிடைத்தது. பால் உள்ளேதான் இருந்திருக்கிறது. வழிதான் அடைபட்டிருந்தது.

ஐஸ் தண்ணீருக்கும் கணக்குக்குமே இவ்வளவு குறைந்தது என்றால், எமது பெண்களுக்கு நடந்தவற்றை என்னவென்று சொல்வது? 1990 ஓகஸ்ட்டிலும் 1991 இலும் தீவுகளில் இராணுவ நடவடிக்கைகள் நடந்தபோது பச்சை உடம்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருந்தார்கள். பங்கருக்குள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஷெல் விழும் சத்தத்தை எண்ணியவர்கள் இருந்தார்கள். பாடசாலை மண்டபத்தில் ஊர் ஆண்கள் எல்லோரும் இருக்க, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பால் கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரை 2003 இல் சந்தித்தேன். சமாதான காலம். சனங்கள் ஊர் திரும்பி, வளவுகளில் பற்றை வெட்டிக்கொண்டிருந்த நேரம். 1991 இல் இடம்பெயர்ந்தபோது அவருக்கு 40 நாள் பிள்ளை. பால் வரவில்லை. சீனித் தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் பருக்கியிருக்கிறார்கள். வயிற்றோட்டம் வந்து பிள்ளை போய்விட்டது. "என்ரை பால் வத்தினபடியால்தான் பிள்ளை செத்தது" என்று 12 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே எழுதியதைத்தான் அவருக்கும் விளங்கப்படுத்தினேன். ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப பால் உள்ளுக்கை இருந்ததோ, மிஸ்ஸி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் விடை சொல்லித் தரவில்லை. "ஓமக்கா, இருந்தது. உங்களிட்டை இருந்தது. அதை வரவிடாமல் செய்தது நீங்கள் இல்லை" என்றேன். நெடுநேரம் அழுதார். அது நிம்மதியில் வந்த அழுகையா, புதுத் துக்கமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன்பிறகு கண்ட நேரங்களில் "வத்தினது" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "விடேல்லை" என்றுதான் சொன்னார். "அவங்கள் விடேல்லை."

இப்போது பிள்ளை பெற்றிருக்கும் தங்கைமாருக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கவலையிலோ பயத்திலோ பால் இறங்கவில்லை என்றால், உடனே மாப்பால் பேணியை எடுக்க வேண்டாம். முலையில் பால் தங்கியே இருந்தால் சுரப்பும் நாளடைவில் குறையும். ஆகவே பிள்ளையை அடிக்கடி சப்ப விடுங்கள். அமைதியான ஒரு மூலையில் மேசையில் கைகளை மடித்து வைத்து, தலையை அதன்மேல் சாய்த்து, முன்னே குனிந்து இருங்கள். அம்மாவோ மாமியோ சகோதரியோ பின்னால் நின்று, கழுத்தடியிலிருந்து முதுகெலும்பின் இரு பக்கமும் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டு கீழே வரட்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். பாலூட்டல் ஆலோசனைப் பயிற்சிகளில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை இது. பிள்ளையைத் துணியில்லாமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதும் உதவும். பால்சுறா வறை சாப்பிட வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறா உடம்புக்கு நல்லது. ஆனால் அந்த வறையில் பாதிப் பலன், அதைச் சமைத்துக் கொண்டுவந்து "சாப்பிடு பிள்ளை" என்று பக்கத்தில் இருக்கும் ஆளிடம் இருக்கிறது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

இந்த ஓமோனின் வரலாறு பிள்ளைப்பேற்றில்தான் தொடங்கியது. 1906 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேல், கபச்சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஒரு பூனையில் கண்டார். ஒட்சிற்றோசின் என்றால் கிரேக்க மொழியில் விரைவான பிள்ளைப்பேறு என்று பொருள். 1953 இல் வின்சன்ட் டு விக்னோ இது 9 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை என்று கண்டறிந்து, ஆய்வுகூடத்தில் செய்தும் காட்டினார். 1955 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலி வருவதற்காகச் சேலைனில் ஏற்றுவதும் இதுதான். பிள்ளை பிறந்தவுடன் இரத்தப்பெருக்கைத் தடுக்கத் தொடையில் போடும் 10 அலகு ஊசியும் இதுதான். "அந்த ஊசி போட்டதாலை என்ரை மூளை மாறிப்போச்சோ" என்று கேட்கும் தாய்மார் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். இரத்தத்தில் ஏற்றும் ஒட்சிற்றோசின் மூளைக்குள் மிகச் சொற்பமாகவே போகும். எங்களுக்கு இருந்த கவலை வேறு. இந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். கடல் கடந்த ஊரில் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டால் மருந்தின் வலுக் குறையும். கடல் எப்போது விடும் என்பதும் தெரியாது. அதனாலேயே நெடுந்தீவுக் கர்ப்பிணிகளை நாளுக்கு முன்னரே யாழ்ப்பாணம் போகச் சொல்லிவிடுவோம்.

பிள்ளைப்பேற்று மருந்தாக இருந்தது எப்படி மனதுக்கு மருந்தாகப் பேசப்பட்டது? கனடாவில் இருக்கும் என் சகோதரி ஒருநாள் தொலைபேசியில், "அக்கா, மூக்குக்குள்ளை அடிக்கிற ஸ்பிரே ஒண்டு இருக்காம். அன்பு ஓமோனாம். கவலையெல்லாம் போகுமாம். உங்கடை சனத்துக்கு அனுப்பட்டோ?" என்று கேட்டாள். நல்ல மனதோடு கேட்டாள். நான் அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன்.

தொடக்கம் மிருகங்களில் நடந்தது. இந்த ஓமோன் மூளைக்குள் கிடைத்தால் செம்மறியாடு ஒரு குட்டியைத் தன் குட்டியாக ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகை வயல் எலி ஒரே துணையோடு காலம் முழுக்க இருப்பதற்கும் இதுவே காரணம் என்றார்கள். 2005 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்களுக்கு இதை மூக்கில் அடித்துப் பணவிளையாட்டு ஒன்றை விளையாட வைத்தார்கள். ஸ்பிரே அடித்தவர்கள் முன்பின் தெரியாதவரை அதிகம் நம்பினார்கள் என்று முடிவு வந்தது. பத்திரிகைகள் அதை அன்பு ஓமோன் என்று கொண்டாடின. பின்னர் வேறு ஆட்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு சரியாக வரவில்லை. 2021 இல் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பல மாதம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், வெறும் திரவம் கொடுத்த பிள்ளைகளைவிடப் பயன் எதுவும் தெரியவில்லை. 2023 இல் வந்த செய்தி இன்னும் வேடிக்கையானது. ஒட்சிற்றோசினை உணரவே முடியாதபடி பிறப்பித்த வயல் எலிகளும் துணையோடு ஒட்டித்தான் வாழ்ந்தன. அன்பு ஒரே ஓமோனை நம்பி இருக்கவில்லைப் போலும்.

போர், விபத்து போன்ற நெருக்கீட்டுக்குப் பின் வரும் மனவடுவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2017 இல் வெளியான ஆய்வில், விபத்து முதலியவற்றால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு 8 நாட்கள் இதை அடித்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்பத்திலேயே அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களுக்கு மட்டும் பின்னர் ஓரளவு குறைந்திருந்தது. அதே நாட்டில் வேறோர் ஆய்வில், ஒரு தடவை அடித்ததும் பயந்த முகங்களைக் கண்டு மூளையின் பய மையம் கூடுதலாகத் துடித்தது. அன்பை மட்டும் கூட்டிவிட்டுப் பயத்தைத் தொடாமல் விடும் பொருள் அல்ல இது என்று தெரிகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: இது "எங்கடை ஆட்கள்" என்ற பற்றைக் கூட்டுகிறது, எல்லோர் மீதும் அல்ல. குஞ்சோடு இருக்கும் கோழியின் அருகே போனவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

ஆகவே சகோதரிக்கு, "காசைச் செலவழிக்காதை. அந்தக் காசுக்கு ரெலிபோன் எடு" என்றேன். தொலைபேசிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பிரேயை ஒதுக்கிவிட்டாலும் ஒரு விஷயம் மிஞ்சி நிற்கிறது. உடம்பு தானாக இந்த ஓமோனைச் சுரக்கும் நேரங்கள் எவை என்று பார்த்தால், அவற்றில் பல எமது முற்றத்திலேயே நடந்தவை. உகண்டாவின் புடொங்கோ காட்டில் வாழும் சிம்பன்சிக் குரங்குகளின் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். நெருக்கமான கூட்டாளியோடு ஒன்றையொன்று தடவிப் பேன் எடுத்துக்கொண்ட பிறகு ஒட்சிற்றோசின் கூடியிருந்தது. நெருக்கமில்லாத குரங்கோடு அப்படி இருந்தபோது அவ்வாறு கூடவில்லை. 2013 இல் வெளியான ஆய்வு இது. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாலை நேரம் திண்ணையில் அம்மம்மா, அவருக்கு முன் அம்மா, அம்மாவுக்கு முன் அக்கா, அக்காவுக்கு முன் நான் என்று படிபோல இருந்து பேன் பார்த்ததை யார் சிறுநீர் எடுத்து அளந்தார்கள்!

எமது சமூகத்தில் வளர்ந்தவர்கள் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதில்லை. தொடுகைக்கு நாம் வேறு வழிகள் வைத்திருந்தோம். எண்ணெய் வைத்துத் தலை இழுத்துவிடுதல், அரப்பு வைத்து முழுகவார்த்தல், சாமத்தியவீட்டிலும் கலியாணத்திலும் பாலறுகு வைத்தல். எல்லாவற்றிலும் பெரியது செத்தவீடு. வாசலில் வந்து இறங்கும் பெண் நேரே போய் இருக்கிறவளின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். படித்தவர்கள் சிலர் அதை நாகரிகமில்லாதது என்றார்கள். எனக்கு அந்த எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. போர் தனி ஆளின் மனதை மட்டும் அல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று பல வருடங்களாக எழுதிவந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இத்தகைய சடங்குகளுக்குத் துயர் ஆற்றும் வலு உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

போர் இந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் செத்தவீடு நடக்கவில்லை. உடல் இல்லாமல் எப்படி நடத்துவது? நடத்தினால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஒருவரும் வரவில்லை. எட்டுச் சிலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, துடக்குக்கூட இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைகளில் தாய்மார் ஒருவரோடு ஒருவர் சாய்ந்து இருக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அது நீதிக்கான இடம் என்பதோடு, முப்பது வருடம் பிந்திய ஒரு செத்தவீடு என்றும் எனக்குத் தோன்றும்.

கணவனை இழந்தவர்களுக்கு வேறு விதமாக அடைபட்டது. பூவும் பொட்டும் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தொடுகை போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சொந்த மகளின் சாமத்தியவீட்டில் மகளின் தலையில் பாலறுகு வைக்க அவளை விடமாட்டார்கள். சுமங்கலிகள் வரிசையாக வந்து வைத்துவிட்டுப் போவார்கள். பெற்றவள் அடுப்படியில் நிற்பாள். 28 வயதில் விதவையான ஒருவர் என்னிடம், "ஆஸ்பத்திரியிலை பிரெசர் பார்க்கேக்கைதான் மிஸ்ஸி என்னை ஒரு ஆள் தொடுறது" என்றார். அவர் கிளினிக்குக்கு மாதம் தவறாமல் வந்ததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நெஞ்சுநோ, உடம்பு உழைவு, தலையிடி என்று வந்து பரிசோதனையில் ஒன்றும் அகப்படாமல் திரும்பும் எத்தனையோ பெண்களுக்கு, வில்லையைவிட அந்தப் பிரெசர்ப் பட்டிதான் சுகம் கொடுத்திருக்கும். இந்த வழக்கத்தை மாற்றச் சட்டம் தேவையில்லை, பணம் தேவையில்லை. அடுத்த சாமத்தியவீட்டில் "பிள்ளையின் அம்மா முதலில் வைக்கட்டும்" என்று ஒரு மாமி வாய்திறந்தால் போதும். எனக்குத் தெரிய ஒரு வீட்டில் அப்படி நடந்தது. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தொடுகை எல்லோருக்கும் ஆறுதல் அல்ல. தடுப்பிலும் சோதனைச்சாவடியிலும் சொந்த வீட்டிலும் விருப்பமில்லாமல் தொடப்பட்ட பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் தோளில் திடீரென்று கை வைத்தால் உடம்பு விறைத்துவிடும். அன்பாகத்தானே தொட்டேன் என்று கோபிக்கக்கூடாது. ஒரு பாயில் கொஞ்சம் தள்ளி இருந்து சேர்ந்து ஓலை பின்னலாம். கதைக்காமலும் இருக்கலாம். அருகே வருவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். நித்திரை இல்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்தால் என்ன என்ற நினைவு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதற்குப் பேன் பார்ப்பதும் எண்ணெய் வைப்பதும் போதாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலே ஒழுங்கு செய்து தருவார். வள்ளம் இல்லாத இரவில் 1926 என்ற அரச உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம். குணமாக்கும் மருந்துகள் உண்டு. அவை ஒட்சிற்றோசின் அல்ல, ஆனால் வேலை செய்யும்.

தொலைபேசிக் கதை என்றேன். தீவுப் பெண்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் கடல் கடந்துதானே இருக்கிறார்கள். புங்குடுதீவு ஆட்களை ஊரில் தேடுவதைவிடக் கனடாவிலும் சுவிசிலும் தேடுவது சுலபம். தொடமுடியாத பிள்ளைகளோடு என்ன செய்வது? அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 2010 இல் ஒரு ஆய்வு நடந்தது. 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை அந்நியர்கள் முன் பேசவும் கணக்குச் செய்யவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரைத் தாய் வந்து அணைத்தார். சிலருக்குத் தாயின் குரல் தொலைபேசியில் மட்டும் கேட்டது. இரு பகுதியினருக்கும் ஒட்சிற்றோசின் ஏறக்குறைய ஒரேயளவு கூடியது. பதற்ற ஓமோன் இறங்கியது. 2012 இல் அதே ஆய்வாளர்கள், தாயோடு கணினியில் எழுத்தால் மட்டும் பேசிய சிறுமிகளைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கூடவே இல்லை. தாயோடு தொடர்பே இல்லாத சிறுமிகளைப் போலத்தான் இருந்தார்கள். சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் நம்பக் கடினமாக இல்லை.

நெடுந்தீவில் ஒரு ஆச்சிக்கு இதைச் சொன்னேன். மகன் சுவிசில். "அவன் நெடுகப் பூப்படம் அனுப்புறான் தங்கச்சி. காலமை ஒரு பூ, இரவைக்கு ஒரு பூ. அந்தப் பூவை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். பேரனைக் கொண்டு மகனுக்கு அழைப்பெடுத்து, "மோனை, இனிப் பூ அனுப்பாதை. கதை" என்றாராம். அடுத்த ஞாயிறு மகன் எடுத்தான். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "என்னத்தைக் கதைக்கிறது? மழை பெய்ததோ எண்டான். இல்லையெண்டன். ஆடு குட்டி போட்டுதோ எண்டான். ரெண்டு எண்டன். பிறகு அவன் தன்ரை பாட்டிலை சமைச்சுக்கொண்டிருந்தான், நான் இஞ்சை முத்தம் கூட்டினன். போனை வைக்கேல்லை."

அரை மணித்தியாலம் அப்படியே இருந்ததாம்.